பையன் நல்லா ஃபுட்பால் ஆடுறான், ஒரு காலேஜ் கோச்சும் திரும்பிப் பாக்கல, என்ன பண்ணலாம்?

முதல்லயே சொல்லிடறேன், இது ஹெல்மெட் போட்டு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி, சாக்கர் இல்ல. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் நம்ம வீட்டுப் பசங்களும் இப்ப வெள்ளிக்கிழமை நைட் மேட்ச் ஆடுறாங்க, அம்மா அப்பா பிளீச்சர்ல உக்காந்து தொண்ட கட்டுற வரைக்கும் கத்துறாங்க, எல்லாம் நல்லாத்தான் போகுது, 11வது முடியுற நேரத்துலதான் வயித்துல புளி கரைக்க ஆரம்பிக்குது. டீம்லயே இவன்தான் டாப்பு, டிஸ்ட்ரிக்ட்ல பேர் வாங்கிருக்கான், அப்புறம் ஏன் ஒரு ஆஃபர் கூட வரலன்னு.

பெரும்பாலும் பையன் ஆட்டத்துல கோளாறு இருக்காது. காலேஜ் கோச்சுக்கு அவர் டீம்ல எந்த எடம் காலியாகுதோ அதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்ளோதான். அந்த ஆள் நிச்சயமா தேறுவான்னு அவருக்கு நம்பிக்க வரணும், ஏன்னா தப்பான ஆள எடுத்தா அவர் வேலதான் போகும். அதனால "என் பையன் நல்லா ஆடுறானா"ன்னு கேக்குறத விட்டுட்டு "இவன மாதிரி ஒருத்தன் எந்த காலேஜுக்கு இப்ப தேவ"ன்னு கேக்க ஆரம்பிங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வரும்.

கணக்கு எவ்ளோ மோசம்னு மொதல்ல பாத்துருவோம். ஹைஸ்கூல்ல ஃபுட்பால் ஆடுறவங்க 10 லட்சத்துக்கு மேல. அதுல என்சிஏஏ (காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற அமைப்பு) காலேஜ் எதுலயாவது, 1, 2, 3ல எந்த டிவிஷனா இருந்தாலும் சரி, போய் ஆடுறது நூத்துக்கு சுமார் 7 பேர். டிவில வர்ற பெரிய டீமுங்க, அதாவது எஃப்பிஎஸ், 130 சொச்சம்தான். இதுல 2018 அக்டோபர்ல ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேற காலேஜ் மாற நெனைக்கிறவங்க பேர் போடுற லிஸ்ட், வந்துச்சு, 2021ல ஒரு தடவ மாறினா ஒரு வருஷம் வெளிய உக்கார வேண்டாம்னு ஆச்சு, 2024ல எத்தன தடவ வேணா மாறலாம்னு ஆயிருச்சு. இப்ப கோச் எடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் 17 வயசுப் பையன், இன்னும் ஒடம்பு ஏறல, ரெண்டு வருஷம் சோறு போட்டு வளக்கணும், இன்னொரு பக்கம் 21 வயசு ஆளு, ஏற்கனவே காலேஜ்ல ரெண்டு சீசன் ஆடின ஃபிலிம் கையில இருக்கு, நாளைக்கே எறக்கலாம். யார எடுப்பார்? அதுக்கு மேல 2025ல காலேஜ் ஆட்டக்காரங்களுக்குப் பணம் தர்றது பத்தின ஹவுஸ் வழக்கு செட்டில்மென்ட் வந்து, அதுல சேந்த ஸ்கூல்களுக்கு 85 ஸ்காலர்ஷிப் லிமிட் போயி 105 பேர் ரோஸ்டர் (டீம் லிஸ்ட்) லிமிட் வந்துச்சு. கேக்க நல்லாருக்கு, ஆனா முன்னாடி ஸ்காலர்ஷிப் இல்லாம ஆடுற வாக்-ஆன் பசங்களயும் சேத்து 120 பேருக்கு மேல வச்சிருந்த டீமுங்க இப்ப 105ல நிறுத்தணும், அப்ப வெளிய போறது யாருன்னா "வந்து ட்ரை பண்ணு தம்பி"ன்னு சேத்துக்கிட்ட பசங்கதான். மேல இப்படி அடைபட்டா எஃப்பிஎஸ் போக வேண்டியவன் டிவிஷன் 1லயே அடுத்த படியான எஃப்சிஎஸ்ல வந்து நிக்கிறான், அங்க போக வேண்டியவன் டிவிஷன் 2ல நிக்கிறான், எல்லாரும் ஒரு படி கீழ எறங்கிட்டாங்க. உங்க பையனுக்கு ஃபோன் வராததுக்கு இதுதான் பெரிய காரணம், அவன் மேல கோவப்படாதீங்க.

அளவு, பொசிஷன், ஸ்கூல் ஆடுற ஸ்டைல்

ஒவ்வொரு பொசிஷனுக்கும் கோச் மனசுல ஒரு அளவு இருக்கு. லைன் ஓரத்துல நின்னு மறிக்கிற டேக்கிள்னா 6 அடி 4 அங்குலம், நீளமான கை, பந்த எறியுற குவார்ட்டர்பேக்னா 6-2 பக்கம், இப்படி. இதுக்குக் கீழ இருந்தா ஃபிலிம தொறக்காமலே நகந்துருவாங்க. நியாயமான்னு கேட்டா, இல்லதான், ஆனா ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல மெயில் வர்ற ஆளுக்கு எதையாவது வச்சு வடிகட்டித்தான் ஆகணும்.

இதுல அடிக்கடி மாட்டிக்கிறது ஸ்கூல்ல ஆள் இல்லன்னு வேற பொசிஷன்ல நிக்க வச்ச பசங்க. 5-11, 190 பவுண்டு இருக்குற பையன் டிஃபென்சிவ் எண்டா ஆடி வாராவாரம் குவார்ட்டர்பேக்க போட்டு அமுக்குறான், ஊரே கை தட்டுது, ஆனா காலேஜ்ல அந்த சைஸ்ல எண்ட் கெடையாது, அவன பின்னாடி நின்னு தடுக்குற சேஃப்டியாவோ லைன்பேக்கராவோதான் பாப்பாங்க. அவன் ஃபிலிம்லயோ பின்னாடி ஓடி பாஸ் கவர் பண்ற ப்ளே ஒண்ணு கூட இல்ல. அப்ப கோச் எதப் பாத்து நம்புவார்? இப்படிப்பட்ட பையனோட அப்பா அம்மாவா இருந்தா 10வது முடியுறப்பவே ஸ்கூல் கோச்சுகிட்ட பையன விட்டு கேக்கச் சொல்லுங்க, மேட்ச்க்கு சில சீரிஸாவது அந்த எடத்துல நிக்க வைப்பீங்களான்னு. இல்லன்னா சம்மர்ல 7-ஆன்-7ல (ஏழேழு பேர் பாஸ் மட்டும் ஆடுற ஆட்டம்) கவர் பண்றத தனியா ஷூட் பண்ணி வைங்க.

ஸ்கூலோட சிஸ்டமும் பையன மறைக்கும். குவார்ட்டர்பேக் கேம் வார்ட் கதைய எடுத்துக்கோங்க. டெக்சாஸ்ல வெஸ்ட் கொலம்பியா ஊர்ல கொலம்பியா ஹைஸ்கூல், அவங்க ஆடினது விங்-டி, அதாவது பந்த கையில குடுத்து ஓடிக்கிட்டே இருக்குற ஆட்டம், குவார்ட்டர்பேக் எறியுறதே கம்மி. அவருக்கு ரிக்ரூட்டிங் சைட்டுங்க போடுற ஸ்டார் ரேட்டிங் சுத்தமா கெடையாது. சான் அன்டோனியோல இருக்குற இன்கார்னேட் வேர்ட்ங்கிற எஃப்சிஎஸ் ஸ்கூல் கோச் எரிக் மோரிஸ் கேம்ப்ல அவர் எறியுறத நேர்ல பாத்துட்டு ஸ்காலர்ஷிப் குடுத்தார். அங்க இருந்து வாஷிங்டன் ஸ்டேட், அப்புறம் மயாமி, 2025 என்எஃப்எல் (புரொஃபஷனல் லீக்) டிராஃப்ட்ல டென்னசி டைட்டன்ஸ் மொத ஆளா எடுத்தாங்க. அந்த கேம்புக்குப் போகலன்னா வெறும் ஃபிலிம வச்சு அவர யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. உங்க ஸ்கூல் சிஸ்டம் பையன காட்டலன்னா பையன் நேர்ல போய்த்தான் காட்டணும், வேற வழியில்ல.

லேட்டா வளர்ற பசங்க கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பின்னாடி என்எஃப்எல்ல பெரிய குவார்ட்டர்பேக் ஆன ஏரன் ராட்ஜர்ஸ் ஹைஸ்கூல்ல 5-10, 165 பவுண்டு. யாரும் சீந்தல. பக்கத்துல இருந்த பியூட்ங்கிற ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜ்ல சேந்தார், கலிஃபோர்னியா பல்கலைக்கழக கோச் ஜெஃப் டெட்ஃபோர்ட் அங்க வேற ஒரு ஆட்டக்காரர பாக்கத்தான் வந்தார், வந்த எடத்துல இவர் கண்ல பட்டார்.

ஸ்கூல் கோச் வாயில பேர் வரணும்

ஏப்ரல் மே மாசம் காலேஜ் கோச்சுங்க ஏரியா ஏரியாவா பிரிச்சுக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலா வருவாங்க. வந்தா எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க, ஒரு நாளைக்கு அஞ்சாறு ஸ்கூல் போகணும், ஃபீல்ட் ஹவுஸ்ல ஸ்கூல் கோச் ரூமுக்குள்ள வருவார், காலேஜ் லோகோ போட்ட போலோ சட்ட, கை குடுத்துட்டு நின்னுக்கிட்டே "யார் இருக்கா உங்ககிட்ட"ன்னு கேப்பார், இவர் மூணு நாலு பேர் சொல்வார், ஹைட் என்ன, வெயிட் என்ன, மார்க் எப்படி, பையன் ஒழுங்கா இருப்பானா, அவ்ளோதான், பத்து நிமிஷத்துல அடுத்த ஸ்கூலுக்கு கார் எடுத்துருவார். அந்த மூணு நாலு பேர்ல உங்க பையன் இல்லன்னா அந்த வருஷம் அந்தக் காலேஜ் முடிஞ்சுது.

சில ஸ்கூல் கோச்சுங்களுக்கு இதுல ஆர்வம் இருக்கும், ஃபோன் போட்டு பேசுவாங்க. சில பேர் அப்படி இல்ல, பாடம் எடுக்கணும், டீம் நடத்தணும், அவங்கள குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. ஜனவரில, சீசன் முடிஞ்சு எல்லாரும் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும்போது, பையன் தனியா போய் (நீங்க இல்ல, பையன்) மூணு கேள்வி கேக்கணும்: கோச், நான் எந்த லெவல்ல ஆட முடியும்னு நெனைக்கிறீங்க? என்கிட்ட என்ன குறை? காலேஜ் கோச் கேட்டா உங்க நம்பர் குடுக்கலாமா? மொத கேள்விக்கு அவர் "டிவிஷன் 3"ன்னு சொன்னா மூஞ்சத் தூக்காம கேட்டுக்கணும். ஏன்னா காலேஜ்ல இருந்து ஃபோன் வந்தா அவர் அதத்தான் சொல்லப் போறார்.

ரோஸ்டர் பேஜ உக்காந்து படிங்க

இத யாரும் செய்யுறதில்ல, காசும் செலவில்ல. எந்த காலேஜா இருந்தாலும் அவங்க அத்லெடிக்ஸ் சைட்ல ஃபுட்பால் ரோஸ்டர் இருக்கும். பேர், பொசிஷன், ஹைட், வெயிட், எந்த வருஷம், சொந்த ஊர், முன்னாடி படிச்ச ஸ்கூல், எல்லாம் வரிசையா போட்டிருப்பாங்க. பையன் பொசிஷன மட்டும் எடுங்க. அதுல ஃப்ரெஷ்மேன் பசங்க சைஸ் என்னன்னு பாருங்க, சீனியர பாத்து பயப்படாதீங்க, அவன் நாலு வருஷம் காலேஜ் மெஸ்ல தின்னு ஏத்தின ஒடம்பு அது. உங்க பையன் அந்த ஃப்ரெஷ்மேன் பக்கத்துல வர்றானா? அடுத்து அந்த பொசிஷன்ல எத்தன பேர் சீனியர், அதாவது உங்க பையன் சேர்ற வருஷம் எத்தன பேர் வெளிய போயிருப்பாங்க? அப்புறம் கடைசி கட்டம்தான் முக்கியம், முன்னாடி படிச்ச ஸ்கூல்ங்கிற எடத்துல வரிசையா வேற காலேஜ் பேரா இருந்தா அந்த டீம் போர்ட்டல்லதான் குடும்பம் நடத்துது, ஹைஸ்கூல் பையனுக்கு அங்க கதவு சின்னது. அதே எடத்துல டெக்சாஸ் ஹைஸ்கூல் பேரா இருந்தா, அதுவும் உங்க ஸ்கூல் சைஸ்ல இருக்குற ஸ்கூலா இருந்தா, அங்க மெயில் போட்டா படிப்பாங்க.

இப்படி உக்காந்து 40, 50 காலேஜ் லிஸ்ட் போடுங்க. எஃப்பிஎஸ் கொஞ்சம் ஆசைக்கு வச்சுக்கோங்க, பாக்கி எஃப்சிஎஸ், டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ (என்சிஏஏல சேராத சின்ன காலேஜுங்களோட சங்கம்)ன்னு பரவலா இருக்கணும். ஸ்டார் ரேட்டிங் பத்தி தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க, அது ஃபேன்ஸுக்கு.

ஃபிலிம்

ஹடில்ங்கிற வீடியோ சைட்ல ஹைலைட் போடுறது எல்லாருக்கும் தெரியும், ஆனா முக்கால்வாசிப் பேர் தப்பாத்தான் போடுறாங்க. பேர் பறந்து வர்ற கிராஃபிக்ஸ் 15 செகண்டு, அப்புறம் ராப் பாட்டு, அப்புறம் டச்டவுன் போட்டுட்டு ஆடுற டான்ஸ். கோச் சவுண்ட ம்யூட்ல வச்சுத்தான் பாப்பார், மொத அஞ்சாறு ப்ளே பாப்பார், புடிக்கலன்னா மூடிருவார். அதனால பெஸ்ட் ப்ளே எல்லாம் மொதல்லயே வரணும், கடைசில க்ளைமாக்ஸ் வைக்கிற வேலையெல்லாம் இங்க ஆகாது. ப்ளே தொடங்குறதுக்கு முன்னாடி பையன் மேல ஒரு அம்புக்குறியோ வட்டமோ போட்டு ஒரு செகண்டு நிறுத்துங்க, அது போதும். மொத்தம் மூணு நாலு நிமிஷம்.

எந்த ப்ளே பெஸ்ட்டுங்கிறதுலயும் வித்தியாசம் இருக்கு. யாரும் தொடாம 80 யார்டு ஓடினது உங்களுக்கு பெருசு, கோச்சுக்கு அதுல ஒண்ணும் தெரியாது, ஓட்ட பெருசா இருந்துச்சு ஓடினான். அதே பையன் மூணு யார்டுல ஒருத்தன ஏமாத்தி, இன்னொருத்தன இடிச்சு, விழுற நேரத்துல ரெண்டு யார்டு சேத்து எடுத்தானே, அத மொதல்ல போடுங்க. லைன்மேன்னா எதிராளிய தரையில அழுத்தி விசில் அடிக்கிற வரைக்கும் விடாத ப்ளே. எதிர்ல நிக்கிறவனும் நல்ல ஆளா இருக்கணும், 2ஏ (சின்ன ஸ்கூல்) டீம போட்டு அடிச்சத விட 5ஏ, 6ஏ (பெரிய ஸ்கூல்) டீமோட ஆடினது எடை அதிகம். கூடவே ரெண்டு முழு மேட்ச் ஃபிலிமும் ரெடியா வைங்க, கோச்சுக்கு ஆர்வம் வந்தா அடுத்து அதத்தான் கேப்பார், பந்து இவன் பக்கம் வராதப்ப சும்மா நிக்கிறானான்னு பாக்க.

ஸ்பீடு விஷயத்துல ஒண்ணு. "40 யார்டு 4.5 செகண்டு"ன்னு எல்லாப் பையனும்தான் போடுறான், கையில ஸ்டாப்வாட்ச் வச்சு அப்பா எடுத்த டைம், யாரும் நம்ப மாட்டாங்க. ட்ராக் டீம்ல சேத்து விடுங்க. 100 மீட்டர் எலக்ட்ரானிக் டைமிங்ல ஓடினா அந்த நம்பர் நெட்ல இருக்கும், கோச்சே தேடிப் பாத்துக்குவார். லைன்மேனுக்கு ஷாட்புட், ரெஸ்லிங்.

மெயில்

ஹெட் கோச்சுக்குப் போடாதீங்க, அது கெணத்துல போட்ட கல்லு. ஸ்டாஃப் டைரக்டரில பையன் பொசிஷன் கோச் யாரு, உங்க ஏரியாவுக்கு ரிக்ரூட்டர் யாருன்னு பாத்து அந்த ரெண்டு பேருக்கும் பையன் மெயில்ல இருந்து போகணும். இதுவும் ஜாதகம் அனுப்புற மாதிரிதான், வர்ணனை வேண்டாம், கட்டம் சரியா இருந்தா போதும். சப்ஜெக்ட் லைன்லயே எல்லாம் வந்துரணும்: 2027 (ஸ்கூல் முடிக்கிற வருஷம்), சேஃப்டி, 6-0, 190, ஜிபிஏ 3.8, ஊர், மாநிலம். உள்ள மொத வரி உங்க காலேஜ்ல நான் ஏன் ஆட நெனைக்கிறேன்னு, அதுவும் ஒவ்வொரு காலேஜுக்கும் நெசமாவே வேறயா இருக்கணும், "உங்க சீனியர் சேஃப்டி ரெண்டு பேர் அடுத்த வருஷம் முடிக்கிறாங்க, நான் உங்க ஜூன் கேம்புக்கு வர்றேன்"ங்கிற மாதிரி. அடுத்து ஹடில் லிங்க். ட்ராக் டைம். ஸ்கூல் கோச் பேரும் நம்பரும். ட்ரான்ஸ்க்ரிப்ட் அட்டாச்மென்ட். முடிஞ்சுது. அப்பா எழுதின மெயில் மாதிரி இருந்தா கோச்சுக்கு வாசன அடிச்சிரும், "மை சன் இஸ் வெரி ஹார்ட்வொர்க்கிங்"னு ஆரம்பிக்காதீங்க.

பதில் வரலன்னா புது ஃபிலிம் ஏறும்போது திரும்ப ஒரு மெயில், சீசன்ல ரெண்டு மூணு மேட்ச்க்கு ஒரு தடவ. டிவிஷன் 1 ஃபுட்பால் கோச்சுங்க 11வது வருஷம் செப்டம்பர் 1க்கு முன்னாடி பையனுக்குத் தனியா மெயிலோ மெசேஜோ போட ரூல்ஸ்ல எடம் இல்ல, அதனால 10வதுல பதில் இல்லன்னா அது வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன தெரிஞ்சிருக்கும். கலிஃபோர்னியால ஃபயர்பாங்கிற சின்ன விவசாய ஊரு, ஸ்கூல் முடிக்கும்போது ஒல்லியா இருந்தார், ஒரு ஸ்காலர்ஷிப் ஆஃபரும் இல்ல, பக்கத்துலயே இருந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூட எடுக்கல. ரீட்லிங்கிற ஜூனியர் காலேஜ்ல ஒரு சீசன் ஆடிட்டு, எஃப்பிஎஸ்ல இருக்குற எல்லா டீம் கோச்சுங்களுக்கும் மெயில் போட்டார். வந்தது ரெண்டே ஆஃபர், வயோமிங்கும் ஈஸ்டர்ன் மிச்சிகனும், அதுலயும் ஒண்ணு கை நழுவிப் போச்சு. வயோமிங் போனார், 2018ல ஏழாவது ஆளா டிராஃப்ட் ஆனார்.

கேம்ப், காசு

"கோச் உங்களத் தனியா இன்வைட் பண்ணிருக்கார்"னு கேம்ப் மெயில் வந்தா சந்தோஷப்பட்டு உடனே கார்டு எடுக்காதீங்க, அது ஊருக்கே போயிருக்கும். கோச் பையன் பேரச் சொல்லி அவன் ஃபிலிம்ல ஒரு ப்ளே பத்தி எழுதிருந்தாத்தான் அது இன்விடேஷன். பல காலேஜ் கோச்சுங்க சேந்து வேல பாக்குற ஜூன் மாச கேம்ப் ரெண்டு மூணு போங்க, ஒரே ஃபீசுக்கு நெறைய டிவிஷன் 2, டிவிஷன் 3 கோச்சுங்க கண்ல படலாம். போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தந்த கோச்சுக்கு வர்றேன்னு மெயில் போடணும், இல்லன்னா 300 பேர்ல ஒருத்தன். ஆயிரக்கணக்குல டாலர் வாங்கிக்கிட்டு "நாங்க ரிக்ரூட் பண்ணித் தர்றோம்"னு சொல்றவங்க செய்யுறது நான் மேல சொன்னதத்தான், அந்தக் காசுல பையனுக்கு சோறு போடுங்க.

மார்க்கு

நம்ம வீட்ல இதச் சொல்லவே வேண்டாம்னு நெனைப்பீங்க, ஆனா இங்கயும் ஒரு கண்ணி இருக்கு. டிவிஷன் 1க்கு என்சிஏஏ ஒத்துக்குற 16 கோர் கோர்ஸ் வேணும், அதுல 10 கோர்ஸ் 12வது தொடங்குறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும், அந்த 10ல 7 இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ். கோர் கோர்ஸ்ல மட்டும் 2.3 ஜிபிஏ. ஸ்கூல்ல எடுக்குற எல்லா சப்ஜெக்ட்டும் கோர் லிஸ்ட்ல இருக்காது, 9வதுலயே கவுன்சிலர்கிட்ட அந்த லிஸ்ட் வாங்கிப் பாருங்க.

மார்க் நல்லா இருந்தா அது தனிக் கதவு, அதுதான் நம்மாளுங்க கண்டுக்காம விடுறது. ஐவி லீக் எட்டு ஸ்கூலும் எஃப்சிஎஸ்ல ஆடுது, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கெடையாது, ஆனா குடும்ப வருமானத்தப் பொறுத்து எய்டு உண்டு. டிவிஷன் 3லயும் ஸ்போர்ட்ஸுக்குன்னு காசு இல்ல, படிப்புக்கு மெரிட் எய்டு தர்ற காலேஜ் நெறைய. எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், சிகாகோ, எல்லாம் டிவிஷன் 3ல ஃபுட்பால் ஆடுற எடம். அந்த கோச்சுங்களுக்கு தலவலியே அட்மிஷன்ல தேறுற பையன் கெடைக்காததுதான். 11வது முடிஞ்ச சம்மர்ல ட்ரான்ஸ்க்ரிப்ட அட்மிஷன் ஆபீஸ்ல குடுத்து தேறுமான்னு பாப்பாங்க, ப்ரீ-ரீட்னு சொல்வாங்க, கோச் அதக் கேட்டா அவருக்கு நெசமாவே ஆர்வம் இருக்குன்னு அர்த்தம். "டிவிஷன் 3யா, சீ"ன்னு சொல்ற அப்பாவ நான் பாத்திருக்கேன், அதே ஆள் மக சிகாகோல சீட் வாங்கினா ஊருக்கே ஸ்வீட் குடுப்பார்.

ஆஃபர்னு சொன்னா நம்பிராதீங்க

ட்விட்டர்ல "ஆஃபர் வந்துருச்சு"ன்னு போடுற எல்லாம் கையெழுத்துப் போடுற ஆஃபர் இல்ல. பையன் நேரா கேக்கணும்: "கோச், நான் இன்னைக்கே கமிட் பண்ணா எடுத்துக்குவீங்களா?" கோச் "கேம்புக்கு வா பாக்கலாம்"னு இழுத்தா அது இன்னும் ஆஃபர் இல்ல. அதே மாதிரி ப்ரிஃபர்ட் வாக்-ஆன் (கோச்சே கூப்பிடுறது, ஆனா ஸ்காலர்ஷிப் இல்ல) குடுத்தா, 105 பேர் ரோஸ்டர்ல எடம் உண்டா, எத்தன வருஷத்துக்கு, இதக் கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க.

12வது சீசனும் முடிஞ்சு, டிசம்பர்ல பெரிய ஸ்கூல்ல எல்லாரும் சைன் பண்ணி, வீட்ல அமைதியா இருந்தா கூட கடை மூடல. டிவிஷன் 3, என்ஏஐஏ கோச்சுங்க வசந்த காலம் வரைக்கும் ஆள் சேப்பாங்க, ஜூனியர் காலேஜ்ல அதுக்கும் மேல. டெக்சாஸ்லயே டைலர், கில்கோர், நவாரோ, ட்ரினிட்டி வேலி, பிளின் இருக்கு, கான்சாஸ், மிசிசிப்பிலயும் ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் தர்ற ஜூனியர் காலேஜுங்க இருக்கு, கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கெடையாது, செலவு உங்களோடது. போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மட்டும் எழுத்துல கேளுங்க, பையன் எடுக்கப் போற கோர்ஸ் எல்லாம் நாலு வருஷ காலேஜுக்கு க்ரெடிட்டா மாறுமா, அப்புறம் போன ரெண்டு வருஷத்துல அவன் பொசிஷன்ல ஆடினவங்க யாரு எங்க போனாங்க. ரெண்டாவதுக்கு கோச் பேர் பேரா சொன்னா அங்க அனுப்பலாம், மழுப்பினா அடுத்த ஜூனியர் காலேஜுக்கு ஃபோன் போடுங்க.